பனிச்சங்குடாவைத் தண்ணீராக்கிய கை

இனிக் கை வலிக்காத இடத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு,

சனிக்கிழமை நான் சின்ன மாமாவை அடித்துவிட்டேன். கன்னத்தில் அல்ல, வாயில், பொத்திய கையால். கீழுதடு வெடித்து இரத்தம் அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் வடிந்தது. அறுபது தாண்டிய மனிதர், முதுகு நோவோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். உங்கள் தம்பி. என் விரல் மூட்டுகள் இன்னும் வீங்கியிருக்கின்றன, இந்தக் கடிதத்தைக்கூட மெதுவாகத்தான் தட்டுகிறேன்.

நீங்கள் இருந்திருந்தால் "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்று சொல்லிவிட்டு, ஒத்தடம் கொடுக்கத் துணி தேடியிருப்பீர்கள். சின்ன வயதிலிருந்து இந்தப் பழமொழியை நீங்கள் எனக்காகவே தேய்த்தீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்தபோதும் அதுதான், மேலாளர் மேசையில் கோப்பை எறிந்துவிட்டு வந்தபோதும் அதுதான். உண்மைதான் அம்மா. எவ்வளவு மட்டு என்று இந்தச் சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

இதை உங்கள் படத்துக்கு முன்னால் நின்று மனதுக்குள் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களைப் பற்றிய பேச்சு ஊரறிய நடந்தது. கோயில் அன்னதான வரிசையிலும், பிறந்தநாள் வீடுகளிலும், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சொல் ஓடிக்கொண்டே இருந்தது. காட்டிக்கொடுத்தவள். அந்தச் சொல்லைக் கேட்ட எல்லாரும் இதையும் கேட்கட்டும்.

முதலில் என் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே சுவிஸில், பேர்னில் எங்கள் வரைபட அலுவலகம், கணினிக்குள் வரைபடம் நுழைந்த முதல் காலத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறது. நீங்கள் வேலை செய்த அந்தப் பொறியியல் அலுவலகம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதன் காந்த நாடாக்கள் யாருடையதோ நிலவறையில் கிடந்து, பெட்டி பெட்டியாக எங்களிடம் வந்தன. பழைய நாடா அப்படியே சுற்றினால் பசை உரிந்து பிய்ந்து போகும். மெல்லிய சூட்டில் அடுப்பில் வைத்து எடுத்துத்தான் ஒரேயொரு முறை ஓடவிடலாம். அந்த அடுப்பு வேலையை எனக்குத் தந்தார்கள். இட்டலி அவிக்கத் தெரியாதவளிடம் நாடா அவிக்கக் கொடுத்தார்கள் என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

கண்காட்சிக்காக நிறைய வாசித்தேன். ஆரம்பத்தில் கணினிக்கு வரையவே தெரியாதாம். எழுத்து அடிக்க மட்டும் தெரியும். ஆகவே வரைபடத்தையும் எழுத்தாலேயே அடித்தார்கள். வெளிச்சமான இடத்துக்கு ஒரு புள்ளி. இருண்ட இடத்துக்கு ஒரு எழுத்தின் மேல் இன்னொரு எழுத்து, அதன் மேல் இன்னொன்று என்று தாள் கறுக்கும்வரை குத்தினார்கள். அப்படி அடித்த ஒரு தாளைக் கையில் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் தடவினால் அம்மைத் தழும்பு மாதிரி விரலில் படுகிறது.

காட்டையும் வயலையும் கணக்கெடுக்க ஒரு பக்கம் இது தொடங்கியது. எறிகணை எங்கே விழும் என்று கணக்கிட மறுபக்கம் தொடங்கியது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். இன்றைக்கும் என் திரையில் இருக்கும் கட்டளைகளைத் தமிழில் சொன்னால், வெட்டு, அழி, கரை, உடை என்றுதான் வரும். கண்காட்சிச் சுவரில் மட்டும் கழுத்துப்பட்டி கட்டிய ஆண்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள். ஒரே ஒரு படத்தில் பெண் இருக்கிறாள், அதுவும் முழங்கையிலிருந்து கீழே மட்டும். யாருடைய கை என்று கேட்டேன். "ஒப்பரேட்டர்" என்றார்கள், மேசையின் ஒரு பாகத்தைச் சொல்வதுபோல.

அது உங்கள் கை இல்லை. ஆனால் உங்களுடையதும் அப்படியொரு கைதானே. இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் அப்பாவோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்த உங்களை, கை நடுங்காது, பொறுமை உண்டு என்று யாரோ சொல்லி அந்த அலுவலகத்துக்கு எடுத்தார்கள். கட்டில் அளவுக்கு ஒரு மேசை. அதன்மேல் காகித வரைபடத்தை ஒட்டி, குறுக்குக் கம்பி போட்ட கண்ணாடி வைத்த கைக்கருவியால் கோடு கோடாகத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். நீங்கள் அதை லூப்பெ என்பீர்கள். நீங்கள் தொட்ட கோடு கணினிக்குள் போய்விடும். ஆல்ப்ஸ் மலையின் பாதி உங்கள் மணிக்கட்டு வழியாகத்தான் உள்ளே போனது என்று அப்பா பெருமை பேசுவார்.

வாசிக்கிறவர்களுக்காக ஒன்றை விளக்கவேண்டும், கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு கோட்டையும் தொடுவதற்கு முன் லூப்பெயில் இரண்டு எண்களை அழுத்தவேண்டும். இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன. ஒன்று என்றால் நிலம், இரண்டு என்றால் தண்ணீர். கரையோரம் என்றால் ஒன்று, இரண்டு. இரண்டு பக்கமும் தண்ணீர் என்று சொன்னால் நடுவில் கோடு எதற்கு என்று கணினி அந்தக் கோட்டையே கரைத்துவிடும். தண்ணீருக்குள் விழும் வீடுகளையும் பிழை என்று எண்ணித் தானாகவே எறிந்துவிடும்.

எண்பதுகளின் கடைசியில் அந்த அலுவலகத்துக்கு மட்டக்களப்பு வாவியின் வரைபட வேலை வந்தது. மீன்பிடிக்கும் நீர்ப்பாசனத்துக்கும் இங்கிருந்து போன ஓர் உதவித் திட்டம். பதினாறு தாள்களில் ஒன்றில் உங்கள் ஊர் இருந்தது. வாவிக்குள் நீட்டிக்கொண்டிருந்த பனிச்சங்குடா, ஒற்றைப் பாதையைத் தவிர நாலு பக்கமும் தண்ணீர். நீங்கள் பூரித்துப்போய் ஊருக்குக் கடிதம் போட்டீர்கள். எங்கட ஊரைக் கம்ப்யூட்டருக்குள்ள போடுறன் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் பிறகு எல்லாம்.

சில மாதத்தில் பனிச்சங்குடாவில் ஷெல் விழுந்தது. உங்கள் கடைசித் தங்கை பவளம் செத்துப்போனா. பத்தொன்பது வயது. ஊரில் மிஞ்சியவர்கள் எட்டுத் திக்கும் ஓடினார்கள். சின்ன மாமா பல நாடு சுற்றி இங்கே வந்து சேர்ந்தார்.

அவர் நம் பூம்ப்ளிஸ் வீட்டுக்கு முதன்முதல் வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏழு வயது. அப்பா வேலையில். நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்தேன். மாமா சாப்பிட்டபடியே பவளம் சித்தி செத்த கதையைச் சொன்னார். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நடுவில் உங்கள் கரண்டி நிலத்தில் விழுந்தது. நீங்கள் "என்ன தாள்?" என்று கேட்டீர்கள். அந்த இரண்டு சொல் மட்டும் எப்படியோ என் காதில் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவர் எழும்பினார். "நீதானே ஊரைக் கம்ப்யூட்டருக்குள்ள போட்டனீ? எழுதினனீயே" என்று கேட்டார். நீங்கள் "ஓம்" என்றீர்கள். அவர் உங்கள் வலக்கையைப் பிடித்துக் குசினிக் கதவு நிலையில் வைத்தார். கதவை அறைந்தார். பச்சை முருங்கைக்காய் முறிகிற சத்தம் கேட்டது. மறுபடி திறந்து மறுபடி அறைந்தார். நான் ஓடிப்போய் அவருடைய கெண்டைக்காலைக் கடித்தேன். வாயில் காற்சட்டைத் துணியும் உப்பும். அவர் என்னை உதறியதில் தலை குளிர்பெட்டியில் மோதியது.

ஒன்று கேட்க வேண்டும் என்று முப்பது வருடமாக நினைத்தேன். முதல் அடிக்குப் பிறகு அவர் உங்கள் கையை விட்டுவிட்டார். கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. நீங்கள் ஏன் கையை எடுக்கவில்லை?

மருத்துவமனையில் "பஸ் கதவு" என்றீர்கள். பஸ் கதவில் ரப்பர் இருக்குமே என்று டாக்டர் கேட்டார். நீங்கள் "பஸ் கதவு" என்றே மறுபடியும் சொன்னீர்கள். இரண்டு விரல் அதன்பிறகு மடங்கவில்லை. லூப்பெயின் பட்டனை அழுத்த முடியாமல் வேலை போனது. முதியோர் இல்லத்தில் சலவைத் துணியோடு கிடந்து ஓய்வு பெற்றீர்கள். மாமா டீட்டிகோனில் ஒரு களஞ்சியத்தில் வேலை எடுத்தார். காட்டிக்கொடுத்தவள் என்ற சொல்லை அங்கிருந்துதான் ஊரெல்லாம் அனுப்பினார். நீங்கள் ஒரு நாளும், ஒருவருக்கும், ஒரு மறுப்பும் சொல்லவில்லை. எனக்கு உங்கள் மேலும் கோபம் இருந்தது. வாய் இல்லாத அம்மாவுக்கு இவ்வளவு வாயோடு நான் எப்படிப் பிறந்தேன் என்று உங்களிடமே கேட்டிருக்கிறேன். உங்கள் செத்தவீட்டுக்கு மாமா வந்தார். மண்டபத்துக்கு வெளியே நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே அடித்திருப்பேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இனி நாடாவுக்கு வருகிறேன். போன மாதம் அடுப்பிலிருந்து எடுத்த ஒன்றில் வாவியின் தாள்கள் இருந்தன. திரையில் விரித்தேன். ஊர் ஊராகப் பெயர் வந்தது. பனிச்சங்குடா வரவேண்டிய இடத்தில் வெறும் நீலம்.

அந்தக் கணினிக் கோப்பைப் பிரித்து உள்ளே பார்த்தேன். கணினி கரைத்த கோட்டின் மூலப் பதிவு அப்படியே இருந்தது. குடாவின் கரையை நீங்கள் பதினொரு துண்டாகத் தொட்டிருக்கிறீர்கள். பதினொன்றுக்கும் இரண்டு, இரண்டு. ஒருமுறை என்றால் கை தவறியது எனலாம். பதினொரு முறை கை தவறுமா? மற்றக் கரைகளில் உங்கள் புள்ளிகள் தூரத் தூர இருக்கின்றன, வேகமாகப் போயிருக்கிறீர்கள். குடாவில் மட்டும் புள்ளிகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கிடக்கின்றன. கை ஊர்ந்திருக்கிறது. அந்த மேசையில் நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் அம்மா? திரைக்கு முன்னால் நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்து மேசைக்காரன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

அடுத்த நாளே வ்ரேனியைத் தேடிப் போனேன். உங்களுக்குப் பக்கத்து மேசையில் இருந்து, வரைந்த தாளை மூலத்தின் மேல் வைத்து வெளிச்ச மேசையில் சரிபார்ப்பாரே, அவர்தான். எண்பதைத் தாண்டிவிட்டார், தனியாக இருக்கிறார், காது மட்டும் மந்தம். உங்கள் பெயரைச் சொன்னதும் கையில் இருந்த கோப்பையை வைத்தார். அவர் பேர்ன் ஜெர்மனில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"காலை ஸ்னூனி இடைவேளை. எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஷெஃப், அலுவலகத் தலைவர், சும்மா சொன்னார், ஒரு பிரதி கொழும்பில் சீருடைக்காரருக்கும் போகும், அது அவர்களின் சட்டம் என்று. உன் அம்மாவின் முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். அன்று மதியம் அவள் அந்தத் தாளை எடுத்தாள். அடுத்த நாள் நான் வெளிச்ச மேசையில் வைத்துப் பார்க்கிறேன், ஒரு கிராமத்தைக் காணோம். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் சரி என்று கையெழுத்துப் போட்டேன்."

"அம்மா உங்களிடம் ஏதாவது கேட்டாரா?" என்றேன்.

"இல்லை. கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை."

என் தலைக்குள் ஒரே ஒரு எண்ணம்தான். என் அம்மா காட்டிக்கொடுக்கவில்லை. என் அம்மா மறைத்தாள். முப்பது வருடம் உங்களைக் குத்திய வாயில் இந்தத் தாளைத் திணிக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக அச்சடித்து, சுருட்டிக்கொண்டு சனிக்கிழமை டீட்டிகோனுக்கு ரயில் ஏறினேன். கொஞ்சம் நிதானமாக யோசி என்று அப்பா சொன்னார். நான் எப்போது யோசித்திருக்கிறேன்?

மாமா கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் ஒதுங்கி வழி விட்டார். மேசையில் பாதி உரித்த தோடம்பழம். சுவரில் பவளம் சித்தியின் படம், மங்கிப்போய், முகம் யாருடையது என்றே தெரியாத மாதிரி.

"அம்மாவைப் பற்றிச் சொன்னதை எல்லாம் திருப்பி எடுங்கோ, மாமா" என்றேன், இருக்கக்கூட இல்லை.

"என்னத்த எடுக்க?" என்றார். "அவ எழுதின கடிதம் இன்னும் என்னட்டக் கிடக்கு புள்ள. காட்டிக்குடுத்தவள வேற எப்பிடிச் சொல்லுற?"

அப்போதுதான் அடித்தேன். அவர் சுவரில் சாய்ந்து, வாயைத் துடைத்து, கையைப் பார்த்தார். நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அவருடைய மற்றக் கை நிலையில்தான் இருந்தது, நான்கு விரலும் உள்ளே. கதவின் பிடியை நான் பிடித்திருந்தேன். அம்மா, அந்தக் கதவை அறைய எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இங்கே எழுதாமல் விட்டால் நான் பொய்க்காரி. அவரும் அதைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

"அடி" என்றார். "கடன் கிடக்குத்தானே."

நான் பிடியை விட்டேன். தோடம்பழத்தைத் தள்ளிவிட்டு வரைபடத்தை மேசையில் விரித்தேன்.

"பாருங்கோ. இதில எங்கட ஊர் எங்க? தேடுங்கோ. இல்லை. அம்மா மறைச்சவ. நீங்கள் கதவில வைச்சு நசிச்ச கைதான் மறைச்சது."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டார். வாயிலிருந்து ஒரு சொட்டு வாவியில் விழுந்தது, அதை விரலால் துடைத்தார். பக்கத்து ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்து, நீலத்தில் நின்றார். இரண்டு, இரண்டு என்பதை நான் விளக்கினேன். ஒரு வாத்தியார் மாதிரி, பெருமையாக, கோப்பில் பார்த்ததையும் வ்ரேனி சொன்னதையும் சொன்னேன்.

"இந்தத் தாள் ஆர் ஆருக்குப் போனது?" என்றார்.

"எல்லாருக்கும். திணைக்களங்களுக்கு, உதவி நிறுவனங்களுக்கு."

"உதவிக்காரருக்குமோ?"

"ஓம்" என்றேன். இன்னமும் எனக்கு விளங்கவில்லை. இன்னமும் நான் வென்றுகொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன்.

அவர் கதிரையில் இருந்தார். சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"போட் வந்தது புள்ள. ஷெல் விழுந்து மூணாம் நாள், வெள்ளைக் கொடி போட்ட போட். காயக்காரர ஏத்த வந்தது. பவளத்துக்கு வயித்தில. நான் என்ட கையால பொத்திப் புடிச்சபடி அவளத் தூக்கிக்கொண்டு தண்ணியோரத்துக் கண்ணாப் பத்தைக்குள்ளால கரைக்கு ஓடினன். கைக்குள்ள அவள்ட குடல் சூடாக் கிடந்தது. போட்டில ஒருத்தன் எழும்பி நிண்டு தாள விரிச்சான். நாங்க கத்தினம். எஞ்சின் சத்தத்தில கேக்கல்ல. தாளப் பாத்தான், பத்தையப் பாத்தான், மறுகாத் தாளப் பாத்தான். பிறகு அங்கால கையக் காட்டினான். போட் கிறுகி மற்றப் பக்கம் போயிற்று. அவள் பொழுது படக்குள்ள முடிஞ்சா."

நான் மேசையில் கிடந்த நீலத்தைப் பார்த்தேன்.

"அவன் ஏன் கிறுகினான் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் யோசிக்கிறன்" என்றார் மாமா. "எங்களக் கண்டு பயந்தானாக்கும் எண்டு நினைச்சன்."

"ஷெல்? அது வரைபடம் பாத்துத்தானே..." என்று தொடங்கினேன்.

"ஷெல்லடிச்சவனுக்கு மெப் எதுக்கு? அக்கரையில நிண்டால் எங்கட கூரை தெரியும். அது எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அம்மாவை அடிச்சனீங்கள்?"

"ஆரையாவது அடிக்கவேணும்போல கிடந்தது. கைக்கு எட்டினது அக்கா மட்டும்தான்."

நான் கேட்டேன், அன்றைக்கு நம் வீட்டில் இந்தப் படகின் கதையைச் சொன்னாரா என்று. எனக்குப் பதில் தெரியும், கேட்பதற்கு முன்னமே தெரியும். மேசைக்குக் கீழே இருந்த ஏழு வயதுக்காரிக்குத் தெரியும்.

"முதல்ல அதத்தான் சொன்னன். தாளப் பாத்திட்டுக் கிறுகினான் எண்டன். 'என்ன தாள்' எண்டு கேட்டா."

அம்மா, அப்போது உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரண்டி விழுந்த அந்த நொடியில். படகுக்காரன் விரித்தது உங்கள் தாள், அதில் ஊரே இல்லை. ஷெல்லிலிருந்து யாரையும் நீங்கள் காப்பாற்றவில்லை, படகை மட்டும்தான் திருப்பி அனுப்பினீர்கள். அதனால்தான் கையை எடுக்கவில்லை. நீங்கள் செய்யாத குற்றத்துக்கு அவர் அடித்தார். நீங்கள் செய்த குற்றத்துக்கு அடி வாங்கினீர்கள். காட்டிக்கொடுத்தவள் என்ற பொய்யை முப்பது வருடம் சுமந்தீர்கள். அந்தப் பொய்யை மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டி வரும். உங்கள் தம்பி தன் கைக்குள் செத்த தங்கையை மறுபடியும் ஒருமுறை, இன்னும் மோசமாக, சாகக் கொடுக்க வேண்டி வரும். அவர் தெரியாமலே சாகட்டும் என்று நினைத்தீர்கள். நான்தான் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போகும்போது மாமா வாசலுக்கு வந்தார். உதடு வீங்கியிருந்தது. கோபமாக இல்லை, களைப்பாகக் கேட்டார்.

"உன்ட அம்மா வாயத் திறக்கல்ல. நீ ஏன் புள்ள திறந்த?"

டீட்டிகோன் நிலையத்தில் மூன்று ரயில்களை விட்டேன். நான்காவதில் ஏறினேன்.

உங்களுக்குச் சொல்ல ஒரு புதினம் இருக்கிறது. நேற்று, புதன்கிழமை, மாமா பேர்னுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் அலுவலக வாசலில் வந்து நின்றார். பழைய மேசையைப் பார்க்கவேண்டும் என்றார். கண்காட்சிக்காகத் துடைத்து வைத்திருந்தோம். லூப்பெயைக் கையில் எடுத்து, எது இரண்டு என்று கேட்டார். காட்டினேன். அழுத்தினார். மறுபடி அழுத்தினார். விரலால் எண்ணிக்கொண்டு பதினொரு தரமும் அழுத்தினார்.

"லேசாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு என் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அந்த நீலத்தில் விரலை வைத்தார். எங்கள் வீட்டைக் காட்டுவார், அல்லது கோயிலை என்று நினைத்தேன். அவர் கரையோரம் ஓர் இடத்தைத் தேடினார். கண்ணாப் பற்றை முடிகிற இடம். "இதில போடு" என்றார். நான் புள்ளி வைத்தேன். பெயர் கேட்டது கணினி. பவளம் என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் வீடுகளைச் சொன்னார், ஒவ்வொன்றாக, இருந்தவர்களின் பெயரோடு. இன்னும் முடியவில்லை. அடுத்த புதனும் வருவார்.

உங்களை மன்னித்துவிட்டாரா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். "அதெல்லாம் கேக்காத" என்றார். போகும்போது, பஸ் நிறுத்தத்தில், உங்களுக்கு எந்த இரண்டு விரல் மடங்காமல் போனது என்று கேட்டார். சொன்னேன். தன் கையில் அந்த இரண்டையும் நீட்டி வைத்துக்கொண்டே பஸ் ஏறினார். கம்பியைப் பிடிக்கக் கஷ்டப்பட்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அம்மா. நாடாவில் இருக்கும் கோப்பைத் திருத்தமாட்டேன். உங்கள் இரண்டு, இரண்டு அப்படியே கிடக்கும். மாமா சொல்கிற ஊரை அதற்கு மேலே தனி அடுக்காகப் போடுவேன். கண்காட்சிச் சுவரில் அந்தக் கழுத்துப்பட்டிக்காரரின் நடுவில் தங்கேஸ்வரி என்று உங்கள் பெயரை எழுதுவேன், வெறும் கையாக விடமாட்டேன். நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்றும் எழுதுவேன், படகு ஏன் திரும்பியது என்றும் எழுதுவேன். ஒன்றை எழுதி மற்றதை விடமாட்டேன். அதைச் செய்யும்போது எனக்கு என்ன வந்தாலும் கதவு நிலையிலிருந்து கையை எடுக்கமாட்டேன்.

காட்டிக்கொடுத்தவள் என்ற சொல்லை இனி யாரும் உங்களுக்குச் சொல்லவேண்டாம். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்காக அடிக்கப் போய் உங்களைக் காட்டிக்கொடுத்த
உங்கள் மகள்
நிரோஷி